பத்து ஆண்டுக்குப் பிறகு ஒரு பேட்டி: தளபதி பேசியது போதுமா?

அல்சூர்க்காரன்:
ஞாயிறு இரவு சன் டிவியில் விஜய் அண்ணா பேட்டியை நம் பெங்களூர் ரசிகர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்டவர் ‘பீஸ்ட்’ இயக்குநர் நெல்சன். பத்து ஆண்டுகளாக எந்த சேனலிலும் உட்கார்ந்து பேசாதவர், புதன்கிழமை (2022 ஏப்ரல் 13) படம் வருகிற நேரத்தில் பேசியிருக்கிறார். முன்பு ஒரு பேட்டியில் சொன்னது வேறு மாதிரி போய்விட்டது, அதனால்தான் ஒதுங்கியிருந்தேன் என்றார். 2021 தேர்தலில் அவர் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டதற்கு எத்தனை பேர் எத்தனை அர்த்தம் கற்பித்தார்கள்! பெட்ரோல் விலை என்றார்கள், சைக்கிளின் நிறத்தை வைத்துக் கட்சி பிடித்தார்கள். வாக்குச்சாவடி வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது, வெளியே வந்தபோது மகனின் சைக்கிள் கண்ணில் பட்டது, எடுத்துக்கொண்டு போனேன் என்கிறார் மனிதர். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உங்களுக்கு?

பானஸ்வாடி வாசகி:
எனக்கு நிறையவில்லை தம்பி. ‘கில்லி’ காலத்திலிருந்து அவர் படம் பார்க்கிறவள் நான், அந்த உரிமையில் சொல்கிறேன். கேள்வி கேட்டவர் படத்தின் இயக்குநர். ஒளிபரப்பியது, படத்தைத் தயாரித்த சன் பிக்சர்ஸின் சொந்த சேனல். அங்கே இரண்டாவது கேள்வியை யார் கேட்பார்கள்? அப்பாவைப் பற்றி அழகாகச் சொன்னார்: கடவுளைப் பார்க்க முடியாது, அப்பாவைப் பார்க்க முடியும், அதுதான் வித்தியாசம் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன வருஷம்தான் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெற்றோர் உட்பட 11 பேர் மீது வழக்குப் போட்டார். வெளியிலிருந்து வந்த நிருபர் யாராக இருந்தாலும் அடுத்ததாக அதைத்தான் கேட்டிருப்பார்.

ஒயிட்ஃபீல்டு நண்பன்:
அக்கா, அது அவர்கள் வீட்டு விஷயம். அப்பா மகன் பெயரில் கட்சி பதிவு செய்தார், மகன் வேண்டாம் என்றார், கோர்ட்டுக்குப் போனது. அதை டிவியில் கிளறி ரசிகர்களுக்கு என்ன ஆகப்போகிறது? அஜித் படத்துக்கு முன்னால் பேட்டியே கொடுப்பதில்லை, யாரும் அவரைக் கேட்பதில்லை. இவர் வந்து பேசினால் மட்டும் குறை சொல்கிறீர்கள். இந்தப் படத்துக்கு இசை வெளியீட்டு விழாகூட இல்லை. அந்த மேடையில் அவர் சொல்கிற குட்டிக் கதை கேட்காமல் தவித்துப்போயிருந்தோம் நண்பா. அந்தக் குறையாவது தீர்ந்தது.

மாரிக்குப்பம்:
நீங்கள் பேட்டியைப் பேசுகிறீர்கள், நான் தியேட்டரைப் பேசுகிறேன். புதன்கிழமை முகுந்தா, லாவண்யா தியேட்டர் எல்லாம் நம் கூட்டம்தான். வியாழக்கிழமை கன்னடப் படம் ‘கேஜிஎஃப் 2’ வருகிறது. கர்நாடகாவில் அதன் பிறகு நமக்கு எத்தனை ஸ்கிரீன் மிஞ்சும்? தமிழ்ப் புத்தாண்டு அன்றைக்குக் குடும்பத்தோடு போக நினைத்தவர்களுக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.

நான் கோலார் தங்கவயல்காரன், அதுதான் கேஜிஎஃப். எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் ஊரில் பாதிப் பேர் காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் வருகிற படமும் என் படம்தான், தளபதி படமும் என் படம்தான். இரண்டு பக்கமும் சண்டை போடுகிற பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பானஸ்வாடி வாசகி:
நல்ல இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள் மாரிக்குப்பம். போன மாதம் இங்கே பெங்களூரில் ‘கேஜிஎஃப்’ டிரெய்லர் விழா நடந்தது. பல மொழிப் பத்திரிகைக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் அந்தப் படத்தின் நாயகன் யஷ்ஷிடம் ‘பீஸ்ட்’ மோதலைப் பற்றிக் கேட்டார்கள். இது தேர்தல் இல்லை, தேர்தலில்தான் ஆளுக்கு ஒரு ஓட்டு, சினிமாவில் இரண்டையும் பார்க்கலாம் என்று பதில் சொன்னார். விஜய் படத்தைத் தானும் பார்ப்பேன் என்றார். அந்த ஒரு பதில் இந்த ஊரில் எத்தனை சண்டையைத் தணித்தது! சங்கடமான கேள்வியை யாரோ கேட்டதால் கிடைத்த பதில் அது. இதைத்தான் நான் நம் ஆளிடமும் எதிர்பார்க்கிறேன். அவருக்குப் பதில் சொல்லத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும்.

அல்சூர்க்காரன்:
அக்கா, யஷ் பேசியது பெரிய மனசு, நானும் கைதட்டினேன். ஆனால் தளபதி பேசாமலே செய்கிறவர். பிப்ரவரியில் கண்டீரவா ஸ்டுடியோவுக்கு வந்து மறைந்த கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் சமாதியில் அஞ்சலி செலுத்திவிட்டுப் போனார். மேடை இல்லை, மைக் இல்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் கன்னடக்காரப் பையன்கள் எங்களைப் பார்த்த விதமே வேறு. எந்தப் பேட்டி அதைக் கொடுக்கும்?

நிருபர்கள் நியாயமாகக் கேட்பார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். என்னால் முடியவில்லை. இரண்டு வரியை வெட்டி எடுத்துத் தலைப்பு போடுகிற காலம் இது. ஒரு முறை சூடுபட்டவர் தனக்குப் பழக்கமான ஆளோடு உட்கார்ந்து பேசினால் அதில் என்ன தப்பு? நெல்சன் கேட்டதால்தான் அவர் சிரித்தார். சர்ச்சுக்கும் போவேன், கோயிலுக்கும் தர்காவுக்கும் போவேன் என்று மனசுவிட்டுச் சொன்னார். மகன் நடிக்கப்போகிறாரா என்றால், அது அவன் முடிவு என்றார். கூண்டில் நிற்க வைத்துக் கேட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா?

மாரிக்குப்பம்:
மதம் பற்றிச் சொன்னது எனக்கும் பிடித்தது. எங்கள் தங்கவயலில் மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லாச் சாதி சனமும் வரும். அந்த மண்ணிலிருந்து வந்தவனுக்கு அது தனிச் சந்தோஷம்.

ஒயிட்ஃபீல்டு நண்பன்:
அதேதான் நண்பா. அரசியல் கேள்வியையும் நெல்சன் விடவில்லையே. தளபதி தலைவன் ஆவாரா என்று கேட்டார். அது ரசிகர்கள் கையிலும் சூழ்நிலையிலும் இருக்கிறது என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பானஸ்வாடி வாசகி:
இதற்கு மேல்தான் வேண்டும்! ரசிகர்கள் கையில் என்றால் என்ன பொருள்? எந்தக் கொள்கைக்கு, யாருக்கு எதிராக, எப்போது? கேட்டால் சொல்லட்டும், சொல்ல விருப்பமில்லை என்றால் அதையாவது நேராகச் சொல்லட்டும். 2019 ‘பிகில்’ இசை வெளியீட்டு விழாவில், பேனர் விழுந்து இறந்த பெண்ணுக்காக அவர் பேசியபோது நான் கண் கலங்கினேன். அந்த மனிதர் கேள்விக்குப் பயப்படுகிறவர் இல்லை. ஆனால் மேடையில் அவர் பேசுவார், நாம் கேட்போம். அவ்வளவுதான். இப்போது நடந்ததும் கிட்டத்தட்ட அதே மேடைதான்.

அல்சூர்க்காரன்:
அவர் நடிகர் அக்கா. கட்சி ஆரம்பித்து ஓட்டுக் கேட்டு வந்தால், அப்போது எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், நானும் கூட நின்று கேட்கிறேன். படம் வருகிற வாரத்தில் சந்தோஷமாக இருக்க விடுங்கள்.

பானஸ்வாடி வாசகி:
சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் தம்பி, புதன்கிழமை விடிகாலைக் காட்சிக்கு நானும் வருகிறேன். ஆனால் அவர் பெயரையும் கொடியையும் வைத்து அவருடைய ரசிகர் அமைப்பான விஜய் மக்கள் இயக்கத்துக்காரர்கள் போன அக்டோபரில் தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள், ஜெயித்தும் வந்தார்கள். இந்தப் பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தலிலும் நின்றார்கள். அவர் படத்தைக் காட்டி ஓட்டு வாங்கியாயிற்று. கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.