கார்னிஷுக்குத் தமிழ்: ‘அலங்காரம்’ போதாது, ‘ஈற்றுச்சேர்ப்பு’ வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பானங்களுக்கான சொற்பட்டியலில் ‘கார்னிஷ்’, அதாவது கலந்து முடித்த பானத்தில் கடைசியாகச் சேர்க்கும் ஆலிவ், எலுமிச்சைத் தோல் போன்றவற்றுக்கான சொல், இன்னும் முடிவாகவில்லை. நேற்று வந்த மடலிலிருந்து:

> அலங்காரம் என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும். ஒரு ஆலிவ் காய்க்கு இவ்வளவு யோசனை தேவையா?

தேவை என்றே நினைக்கிறேன். அன்னாசித் துண்டும் காகிதக் குடையும் செருகித் தருகிற பானங்களுக்கு அலங்காரம் சரிதான். குடையை எடுத்துவிட்டாலும் குடிப்பது அதேதான். ஜின் என்ற மதுவும், மூலிகை ஊறிய வைனான வெர்மூத்தும் கலந்த மார்ட்டினியில் அப்படி இல்லை.

நான் பாரில் வேலை கற்றுக்கொண்ட புதிதில் ஒருவர் கிப்சன் கேட்டார். 60 மில்லி ஜின், 10 மில்லி இனிப்பில்லாத வெர்மூத், பனிக்கட்டியோடு அரை நிமிடம் கலக்கி, ஃப்ரீசரில் வைத்திருந்த கோப்பையில் வடித்து, பழக்கத்தில் ஒரு ஆலிவைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். “தம்பி, இது மார்ட்டினி. நான் கேட்டது கிப்சன்” என்று அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஜின் அதே, வெர்மூத் அதே, அளவும் அதே. ஆலிவுக்குப் பதில் வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம் இரண்டு போட்டால் பெயர் கிப்சன். ஆலிவை எடுத்துவிட்டு வெங்காயத்தைப் போடவும் முடியாது. ஆலிவின் உப்புநீர் ஏற்கெனவே பானத்தில் இறங்கியிருக்கும். புதிதாகத்தான் கலந்து கொடுத்தேன். பானத்தின் பெயரையே மாற்றுகிற பொருளை அலங்காரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எலுமிச்சைத் தோலையும் பாருங்கள். மஞ்சள் எலுமிச்சையின் மேல்தோலை, உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டாமல், இரண்டு விரல் நீளத்துக்குச் சீவ வேண்டும். மஞ்சள் பக்கம் கோப்பையைப் பார்த்திருக்க, இரண்டு கையாலும் பிடித்து மடித்து அழுத்த வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்தால் பொடிப்பொடியாக எண்ணெய் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். அந்த எண்ணெய் பானத்தின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காயின் வாசத்துக்கு முன்னால் இதுதான் மூக்கில் ஏறும். தோலை உள்ளே போட்டாலும் சரி, ஓரமாகத் தேய்த்துவிட்டு எறிந்தாலும் சரி, அதன் வேலை முடிந்துவிட்டது. கண்ணுக்கு அழகாக ஒன்றும் மிஞ்சாமல் போகலாம், வாசம் இருக்கும்.

இதனால்தான் ‘தாளிதம்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. ரசத்துக்குக் கடைசியில் தாளித்துக் கொட்டுகிறோமே, அதுவும் எண்ணெயில் வாசத்தை ஏற்றும் வேலைதான். ஆனால் தாளிதம் என்றதும் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கிறது. அடுப்பே இல்லாத இடத்தில் அது குழப்பும். ‘மேல்தூவல்’ மல்லித்தழைக்குப் பொருந்தும். ஆலிவை யாரும் தூவுவதில்லை. ‘மிதவை’யும் சரிப்படாது, ஆலிவ் அடியில் போய் உட்காரும். மிதப்பது எஸ்பிரெஸோ மார்ட்டினியின் நுரைமேல் வைக்கும் மூன்று காபிக்கொட்டைதான். (1980களில் லண்டனில் டிக் பிராட்செல் உருவாக்கிய அந்தப் பானத்தில் ஓட்காவும் காபியும் உண்டு. ஜின்னும் இல்லை, வெர்மூத்தும் இல்லை. அதை மார்ட்டினி என்பதே எனக்கு உடன்பாடில்லை, அது வேறு இழை.)

ஆலிவ், வெங்காயம், தோல், காபிக்கொட்டை எல்லாவற்றுக்கும் பொது எது? எங்கே இருக்கிறது என்பது மாறுகிறது. எப்போது சேர்கிறது என்பது மாறவில்லை: எல்லாம் முடிந்தபிறகு, கடைசியில். அதனால் என் பரிந்துரை ‘ஈற்றுச்சேர்ப்பு’. ஈற்றெழுத்து, ஈற்றடி என்று பள்ளியிலேயே படித்த சொல்தான். குழம்பை இறக்கிப் போடுகிற கறிவேப்பிலைக்கும் இது பொருந்தும். ‘முடிப்பு’ இன்னும் சுருக்கம், ஆனால் பணமுடிப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

> டிரை மார்ட்டினியை ‘உலர் மார்ட்டினி’ எனலாமா?

வேண்டாமே. திரவத்தை உலர் என்றால் படிப்பவர் பொடியாக்கி விற்கிறார்கள் என்று நினைப்பார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்ட்டினி இனிப்பு வெர்மூத்தில் கலந்த பானம். இனிப்பில்லாத வெர்மூத்துக்கு மாறியபோது ‘டிரை’ என்றார்கள். பிறகு வெர்மூத்தைக் குறைக்கக் குறைக்க இன்னும் டிரை என்று பொருள் நகர்ந்தது. இரண்டுக்கும் பொருந்தும் சொல் நம் வாயிலேயே இருக்கிறது: கடுங்காப்பி. அதே வழியில் ‘கடுமார்ட்டினி’. ஜின்னும் வெர்மூத்தும் சரிபாதியாகக் கலப்பதைச் ‘சரிபாதி மார்ட்டினி’ என்றே சொல்லலாம். என்னைக் கேட்டால் மிகவும் சுவையானது அதுதான். வெர்மூத்தில் ஊறிய மூலிகைகளின் கசப்பு அதில்தான் முழுதாகத் தெரியும்.

ஆலிவ் ஊறிய உப்புநீர் ஒரு கரண்டி விட்டால் வருவது ‘டர்ட்டி’. அதை ‘அழுக்கு’ என்று பெயர்த்தால் குடிக்கத் தோன்றுமா? தெளிந்திருந்த பானம் அந்த நீர் விழுந்ததும் கலங்கிப் பச்சை ஓடுகிறது. ‘கலங்கல் மார்ட்டினி’ என்றால் கண்ணில் படுவதைச் சொன்னதாகவும் இருக்கும்.

கூடவே வைக்கும் நொறுக்குக்கு ‘சைட் டிஷ்’ தமிழ்நாட்டில் ஊறிவிட்டது, இலங்கை நண்பர்கள் பைட்ஸ் என்கிறார்கள். எழுத்துக்குத் ‘தொடுகறி’ இருக்கவே இருக்கிறது, புதிதாக ஆக்க வேண்டாம். மார்ட்டினிக்குத் தொடுகறி என்றால் உப்பு பாதாம், பச்சை ஆலிவ், மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். காரமான எதையும் வைக்காதீர்கள். நாக்கு எரிந்தால் அந்த எலுமிச்சை எண்ணெய் எடுபடாது.

மீதி இருப்பது ‘டுவிஸ்ட்’, மேலே சொன்ன, சீவி அழுத்திப் பிழியும் எலுமிச்சைத் தோல். ‘தோல்முறுக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தொடுகறிப் பட்டியலுக்கு அடுத்த வரியில் அது வந்தால் தின்கிற முறுக்கு என்றே படிப்பார்கள். ‘தோல்சுருள்’ எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதில் அழுத்திப் பிழியும் வேலை வரவில்லை. வேறு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டு வைக்கிறேன்.

அன்புடன்