கிளட்ச் ரொம்ப மேலே வந்து பிடிக்கிறது, பெடலுக்கு ஸ்டாப்பர் வைக்கலாமா?

கிணத்துக்கடவு_கார்:
வணக்கம். ஏழு வருடப் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், கேபிள் கிளட்ச், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் உக்கடம் தாண்டி வேலைக்குப் போகிறேன். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பெடலைத் தரைவரை மிதிக்க சீட்டை முன்னால் இழுத்தே ஆக வேண்டும். இழுத்தால், பெடல் மேலே வரும்போது முழங்கால் ஸ்டீயரிங்கின் அடியில் இடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் வைத்து அளந்தேன். பெடல் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. வண்டி நகரத் தொடங்குவது 11 செ.மீ.யில். கீழே இருக்கிற தூரம் பெரும்பாலும் வீண் மிதிதான். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது கால் கீழே போய்த் திரும்புவதற்குள் வண்டி ஒரு உதறு உதறுகிறது. பெடல் தரைவரை போகாமல் தடுக்க அடியில் ரப்பர் ஸ்டாப்பர் வைத்து மிதியைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு உயரம் வைப்பது?

பழைய_பட்டறை:
தம்பி, ஸ்டாப்பர் அப்புறம். முதலில் ஃப்ரீ ப்ளே பாருங்கள். பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால், கனம் தெரிவதற்கு முன் கொஞ்சம் சும்மா அசைய வேண்டும். எத்தனை மி.மீ. என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்; இல்லையென்றால் சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள்.

கிளட்ச் பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள், பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் பக்கம் நகர்ந்து வரும். ஃப்ரீ ப்ளே தீர்ந்துபோகும், பிடிக்கிற இடம் மேலே ஏறும். அப்படியே ஓட்டினால் பேரிங் ஓயாமல் சுற்றும். பிளேட்டும் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடும்.

இன்னொன்று. நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் பிளேட் போய்விட்டது. அதற்கு மருந்து புது கிளட்ச் செட்தான்.

மலைப்பாதை:
நான் வைத்திருக்கிறேன், இரண்டு வருடமாகிறது. என்னுடையது ஹைட்ராலிக், கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச். வண்டி நகரத் தொடங்கும் இடத்துக்குக் குறைந்தது 3 செ.மீ. கீழே பெடல் போகட்டும், அதற்குக் கீழே ஸ்டாப்பர். பேராசைப்பட்டு உயர்த்தினால் கிளட்ச் முழுதாக விடுபடாது, சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ வைக்கும் வளையம்) தேயும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கிளட்சை மிதித்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகர என்றால் உயரம் அதிகம், குறையுங்கள்.

தயவுசெய்து பசை போட்டு ஒட்டாதீர்கள். கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போல்ட் போட்டு இறுக்குங்கள். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், அந்த ஸ்விட்ச் வரை பெடல் போகிறதா என்றும் பாருங்கள். முதல் நாள் எனக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை, பேட்டரி என்று நினைத்து ஒரு மணி நேரம் போனது. புது கிளட்ச் போட்டால் பிடிக்கிற இடம் கீழே இறங்கிவிடும். அன்றைக்கே ஸ்டாப்பரைக் கழற்றி மறுபடி அளந்து வைக்க வேண்டும்.

கிணத்துக்கடவு_கார்:
அண்ணா சொன்னது சரி. ஃப்ரீ ப்ளே துளிகூட இல்லை. நான்காவது கியரில் வழுக்கவில்லை, அது பெரிய நிம்மதி. நட்டைத் தளர்த்தியதும் வண்டி 8 செ.மீ.யில் நகர்கிறது. கேபிளும் உலர்ந்துபோய் இழைகள் பிரியத் தொடங்கியிருந்ததால் புதிது போட்டேன். பெடல் பாதி கனம்கூட இல்லை.

ஸ்டாப்பருக்கு 4 செ.மீ. ரப்பர் புஷ் வாங்கி, ஒரு சென்டிமீட்டர் அறுத்துவிட்டு போல்ட் போட்டேன். நேற்று மதிய வெயிலில் உக்கடம் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. இரண்டிலிருந்து மூன்று இப்போது உதறலே இல்லை. சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ளிவிட்டேன், முழங்கால் இடிக்கவில்லை.