செக்கு எண்ணெய்க் கடைக்கு வெப்சைட்: முதலில் தெரிய வேண்டியது வயலா, விலையா?

செக்கடி:
வணக்கம். காங்கேயம் பக்கத்தில் இரண்டு வாகை மரச்செக்கு ஓட்டுகிறோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். அப்பா ஆரம்பித்த தொழில். இத்தனை நாள் கடை வியாபாரமும் வாட்ஸ்அப் ஆர்டருமாக ஓடியது. சென்னை, பெங்களூரு ஆர்டர் கூடியதால் வெப்சைட் போட ஒருவரிடம் கொடுத்தேன், மாதிரி வந்திருக்கிறது. திறந்தவுடன் திரை முழுக்க ஒரு வீடியோ: பச்சை வயல், இலையில் பனித்துளி. அதன்மேல் 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் மெல்லிய வெள்ளை எழுத்து. கீழே 'மேலும் அறிய' என்று ஒரு பொத்தான். அழகாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் போனைக் காட்டினேன். "உரக் கம்பெனியாடா?" என்றார். மீதிப் பணத்தைக் கொடுத்து முடிப்பதா, மாற்றச் சொல்வதா? சொல்லுங்கள்.

சாம்பல் நிறம்:
நான் இந்த வேலையில் இருப்பவன் (உங்களுக்குச் செய்தது நான் இல்லை). அம்மா சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பக்கம் கண்ணுக்குப் பிடிக்கிறதா என்பதை ஆட்கள் 50 மில்லி விநாடியில் தீர்மானித்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோதும் அந்த மதிப்பு பெரிதாக மாறவில்லை. ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு, அதற்குள் விலையை யார் படிப்பது? நிறம், படம், காலி இடம், இவ்வளவுதான் கண்ணில் படும். ஸ்டான்ஃபோர்டு 2002-ல் 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் தளங்களின் நம்பகத்தன்மை பற்றிக் கேட்டபோதும், வந்த கருத்துகளில் கிட்டத்தட்ட பாதி தோற்றத்தைப் பற்றித்தான். செக்கு எண்ணெய் மற்ற எண்ணெயைவிட விலை கூட. அந்த விலைக்கேற்ற தோரணை வாசலில் இருக்க வேண்டாமா?

மூணாவது டவர்:
அதே கார்ல்டன் ஆய்வுதான் சார். அதில் ஆட்களுக்குக் காட்டியது ஏற்கெனவே வந்து முடிந்த பக்கங்களின் படங்களை. லோடு ஆகும் நேரம் அந்தக் கணக்கிலேயே இல்லை. செக்கடி அண்ணா, அந்த வீடியோ எத்தனை எம்.பி. என்று பார்த்துச் சொல்லுங்கள்.

செக்கடி:
14 எம்.பி. என்கிறார் செய்தவர்.

மூணாவது டவர்:
கணக்குப் போடுங்கள். பேருந்தில் போகிறவர் போனில் விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைத்தால் (ஒரு எம்.பி. என்பது 8 மெகாபிட்) அந்த வீடியோ முழுசாக இறங்க 22 விநாடி ஆகும். பக்கத்தில் முக்கியமாகத் தெரியும் பகுதி 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வீடியோ வரும்வரை உங்கள் கடை வாசல் வெறும் வெள்ளைத் திரை. 50 மில்லி விநாடியில் அவர் வெள்ளையைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

சாம்பல் நிறம்:
வீடியோ வரும்வரை ஒரு படத்தை நிறுத்தி வைக்கலாம், எல்லோரும் செய்வதுதான். 14 எம்.பி. என்பது செய்தவரின் சோம்பேறித்தனம். அதற்காக வீடியோவே கூடாது என்று ஆகாது.

மூணாவது டவர்:
சரி. ஐபோனில் பேட்டரி சேமிப்பைப் போட்டிருந்தால் வீடியோ தானாக ஓடாது. பனித்துளிக்கு நடுவில் ஒரு முக்கோணப் பொத்தான் நிற்கும். அதையும் 'தோரணை' என்பீர்களா? கடைசியில் அந்த நிறுத்தி வைத்த படம்தான் பாதிப் பேர் பார்க்கப்போவது. அப்படியானால் அந்தப் படம் என்ன என்பதுதானே கேள்வி. இலையா, செக்கா?

அடையாறு மாமி:
வாங்குகிறவள் என்ற முறையில் நானும் வருகிறேன். ஆன்லைனில் செக்கு எண்ணெய் வாங்க ஆரம்பித்து ஆறு வருஷம். போன வருஷம் வேறு வேறு பெயரில் மூன்று கடை பார்த்தேன். மூன்றிலும் ஒரே செக்கு, ஒரே மாடு, பின்னால் ஒரே ஓலைக் கூரை! எங்கேயோ விலைக்கு வாங்கிய படம். அதில் ஒன்றில் ஏமாந்தும் போனேன், பெயர் வேண்டாம். எண்ணெயில் வாசனையே இல்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பார்த்தால் தளத்தில் நம்பரே இல்லை, ஒரு படிவம்தான். அதிலிருந்து வழவழவென்று இருக்கும் தளத்தைப் பார்த்தாலே எனக்குக் கை பின்வாங்குகிறது. நான் முதலில் தேடுவது லிட்டர் விலை, கூரியர் சேர்த்தா சேர்க்காமலா, ஆட்டிய தேதி, போன் நம்பர், எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண். அந்த 14 இலக்கத்தை ஆணையத்தின் தளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில் என்று தெரிந்துவிடுகிறது. தம்பி, ஒன்று கேட்கிறேன்: நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறீர்களா, வெல்லமா?

செக்கடி:
கருப்பட்டிதான் அக்கா. உடன்குடியிலிருந்து வருகிறது.

அடையாறு மாமி:
இதை ஏன் முதல் திரையில் போடவில்லை? 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்று எல்லோரும் போடுகிறான். கருப்பட்டி என்று ஒருத்தன் சொன்னால்தான் அவனுக்கு ஆட்டத் தெரியும் என்று அர்த்தம்.

சாம்பல் நிறம்:
மாமி, உங்களைப் போல உரிம எண்ணைத் தேடிப் பார்ப்பவர் நூற்றில் எத்தனை பேர்?

அடையாறு மாமி:
ஐந்து லிட்டர் கேன் வாங்குகிறவர்கள் எல்லோரும் பார்ப்போம். அரை லிட்டர் ஆசைக்கு வாங்குகிறவர்கள் இலையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வழிப்போக்கன்:
வெப்சைட்டே தண்டம். வாட்ஸ்அப் கேட்டலாகில் படமும் விலையும் போட்டால் தீர்ந்தது. என் மச்சான் முறுக்கு வியாபாரம் அதில்தான் ஓட்டுகிறார்.

மூணாவது டவர்:
தெரிந்தவருக்கு விற்க அது போதும். புதிதாகத் தேடி வருகிறவர் 'மரச்செக்கு கடலை எண்ணெய் காங்கேயம்' என்று கூகுளில் அடிக்கும்போது என்ன வரும்? இன்னொன்று, அடுத்தவன் இடத்தில் கட்டிய கடையை அவன் எப்போது வேண்டுமானாலும் பூட்டலாம். கூகுளில் கடை விவரம் காட்டும் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த ஒரு பக்கத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்களைக் கேளுங்கள்.

ஒற்றெழுத்து:
தாமதமாக வருகிறேன். யாரும் மொழியைத் தொடவில்லையே. தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ஆனால் ஆங்கிலத்துக்குச் செய்த டெம்பிளேட்டில் அப்படியே தமிழைக் கொட்டினால் அசிங்கமாகிவிடும். வரி இடைவெளி நெருக்கமாக இருக்கும், மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி 'கீ'யின் மேற்சுழியில் போய் முட்டும். இரண்டு சொல் கொள்ளும் பொத்தானில் 'மரச்செக்கு நல்லெண்ணெய்' போட்டால் 'ணெய்' மட்டும் தனியாகக் கீழே விழும். நானே பார்த்திருக்கிறேன். முக்தா மலர், கட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் மூன்றும் இலவசம். ஒன்றைத் தேர்ந்து, இடைவெளியைக் கூட்டுங்கள். தயவுசெய்து தமிழைப் படமாக்கி ஒட்டாதீர்கள். போனில் சுருங்கி எறும்பாகிவிடும். அந்த மெல்லிய வெள்ளை எழுத்தை எந்த மொழியில் வைத்தாலும் வெயிலில் நின்று பார்த்தால் தெரியாது.

சாம்பல் நிறம்:
இதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்து தடிமனாக வேண்டும். ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன்: விலைப்பட்டியல், உரிம எண், போன் நம்பர், கருப்பட்டி எல்லாவற்றையும் முதல் திரையில் அடைத்தால் அது மளிகைக்கடை நோட்டீஸ். நம்பரைத் திரையின் அடியில் ஒட்டி வையுங்கள், எவ்வளவு கீழே போனாலும் கூடவே வரும். உரிம எண், முகவரி, புகாருக்கு யாரைக் கேட்பது என்பதெல்லாம் பக்கத்தின் கடைசியில். 2020-ன் மின்வணிக விதிகளும் முகவரியையும் புகார் விவரத்தையும் காட்டத்தான் சொல்கின்றன, தலையில் வைத்துக் காட்டச் சொல்லவில்லை. மேலே ஒரு படம், ஒரு வரி, ஒரு விலை. போதும்.

மூணாவது டவர்:
கடைசியில் விலை உள்ளே வந்துவிட்டது. மகிழ்ச்சி.

சாம்பல் நிறம்:
வந்தது விலை மட்டும்தான். படம் தரமாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

செக்கடி:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை நானே போனில் ஒரு படம் எடுத்தேன். செக்கில் எள் அரைபடுகிறது, அப்பா கையால் உள்ளே தள்ளிவிடுகிறார், ஓரத்தில் எண்ணெய் இறங்குகிறது. சுருக்கி 90 கே.பி.க்குக் கொண்டுவந்தாயிற்று. மேலே ஒரே வரி: 'எள்ளும் கருப்பட்டியும் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை.' அதன் கீழே லிட்டர் விலை, கூரியர் தனி என்று. அம்மாவிடம் மறுபடி காட்டினேன். உரக் கடை என்று சொல்லவில்லை. "புண்ணாக்கு விலை போடலையாடா? அதைக் கேட்டுத்தானே பாதிப் பேர் கூப்பிடறாங்க" என்றார். வெப்சைட் செய்தவரிடம் இன்னும் பேசவில்லை.

சாம்பல் நிறம்:
படம் பார்த்தேன். செக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அப்பா கை இருட்டில் போய்விட்டது. இதைப் போடாதீர்கள். அடுத்து எப்போது எள் ஆட்டுகிறீர்கள்? திருப்பூர் வரை ஒரு வேலை இருக்கிறது, கேமராவோடு வருகிறேன்.

செக்கடி:
ஞாயிறு காலை ஆறு மணிக்கு. சாப்பாடு இங்கேதான்.