ஹோபி 16: பக்கக் கம்பியில் ஓர் இழை அறுந்திருக்கிறது, கடலில் இறங்கலாமா?

புதுவைக் கரை:

வணக்கம். என்னிடம் ஒரு ஹோபி 16, அதாவது இரட்டை உடல் கொண்ட சிறிய பாய்மரப் படகு, இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய படகாக வாங்கினேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை. படகு புதுச்சேரிக்குத் தெற்கே மணலில் நிற்கிறது. பாயை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவேன், பாய்மரம் ஆண்டு முழுக்க நட்டபடியே இருக்கும்.

போன ஞாயிறு மதியம் கொண்டல் காற்று (கிழக்குக் காற்று) நன்றாக வீசியது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரையேறி, நன்னீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். வலப்பக்கக் கம்பியைத் துணியால் துடைத்தபோது, கீழ் முனைக்கு அருகில் துணி சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், உள்ளங்கையில் ஊசி போலக் குத்தியது. கம்பி முனையை மடித்து அழுத்திப் பிடிக்கும் செம்புக் குழல் தொடங்கும் இடத்திலேயே ஓர் இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றித் தேநீர் சிந்திய மாதிரி பழுப்புக் கறை. கம்பியின் மற்ற பகுதி பளபளவென்று இருக்கிறது.

பத்தொன்பது இழைகளில் ஒன்றுதானே போயிருக்கிறது என்று ஒரு மனம் சொல்கிறது. இந்த வாரக் கடைசியில் பன்னிரண்டு வயது மகளை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். நீட்டியிருக்கும் இழையை வெட்டி, டேப் சுற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டலாமா? மாற்றத்தான் வேண்டுமென்றால் அந்த ஒரு கம்பி போதுமா, வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஊரில் இரும்புக் கேபிள் விற்கும் கடையில் அளவு கொடுத்துச் செய்துகொள்ள முடியுமா?

வடமும் வளையமும்:

இறங்க வேண்டாம். மகளோடும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம்.

பத்தொன்பதில் ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். இந்த 1×19 கம்பியில் நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு என்று இழைகள் முறுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் படகில் ஏறியவை, ஒரே இடத்தில் ஒரே அளவு வளைந்து நிமிர்ந்தவை. முதல் இழை களைத்து அறுந்தது என்றால் மற்றவையும் ஏறக்குறைய அதே களைப்பில் இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது வெளி வரிசையை மட்டும்தான். உள்ளே இருக்கும் ஏழு இழைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது.

குழலின் வாயில் ஏன் அறுந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. காற்று வரும் பக்கத்துக் கம்பி விறைப்பாக நிற்கும், எதிர்ப்பக்கக் கம்பி தொய்ந்து ஒவ்வோர் அலைக்கும் ஆடும். திசை திருப்பும்போதெல்லாம் இரண்டும் இடம் மாறும். குழலுக்குள் இருக்கும் கம்பி அசையாது, வெளியே இருப்பது அசையும். அந்த எல்லைக் கோட்டில்தான் வளைவு முழுவதும் விழுகிறது. உங்கள் பாய்மரம் ஆண்டு முழுக்க நட்டபடி இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் தூங்கும் இரவுகளிலும் அந்தக் கம்பி ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. குழலுக்குள் தேங்கும் உப்புநீருக்குக் காற்றுப் படாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேற்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பிராணவாயு வேண்டும். அது கிடைக்காத இடுக்கில் துரு உள்ளே இறங்கும். அந்தப் பழுப்புக் கறை அங்கிருந்துதான் வருகிறது.

டேப் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும், அடுத்த இழை அறுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

பருமல்:

மேலே சொன்னது சரி. இரண்டு பக்கக் கம்பிகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் நீளம் ஒத்துப்போகாது, பாய்மரம் ஒரு பக்கம் சாயும். முன்கம்பியையும், படகின் இரண்டு அணியங்களிலிருந்து (முன்முனைகளிலிருந்து) மேலேறும் பிரைடில் கம்பிகளையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். உப்புநீரில் ஓடும் படகுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தொகுதியையும் மாற்றுவது பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். வயதே தெரியாத கம்பிக்கு வயதாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைக் கேபிள் பற்றி: சாதாரணக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 7×7 அல்லது 7×19. ஏழு புரிகள், ஒவ்வொரு புரியிலும் ஏழு அல்லது பத்தொன்பது மெல்லிய இழைகள் என்று, வளைந்து கொடுப்பதற்காக முறுக்கப்பட்டவை அவை. கப்பி மேல் ஓடுவதற்கு நல்லவை, பாய்மரத்தைத் தாங்க உதவாது, இழுவையில் நீளும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 1×19 என்று கேளுங்கள். தடிமனை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் உறையோடு சேர்த்து அளந்துவிடக் கூடாது, நான் அப்படி அளந்து ஒருமுறை தடித்த கம்பியை வாங்கிவிட்டேன். முனையில் போடும் குழல் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியக் குழலும் ஸ்டீல் கம்பியும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து போகும். குழலை அழுத்தியபின் அதற்கென்று உள்ள அளவுகோலை நுழைத்துச் சோதிக்காத கடையில் செய்யாதீர்கள்.

பந்தயத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அந்த வகுப்பில் தொழிற்சாலைப் பாகங்களைத்தான் போட வேண்டும். எனக்குக் கேட்டால், பந்தயம் இல்லாவிட்டாலும் அளந்து அழுத்தி வரும் ஆயத்தக் கம்பிதான் நல்லது. விலை வலிக்கும், ஆனால் நீள அளவில் தவறு வராது.

சோழகம்:

டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு போட்டால் துருவே இல்லையே? அதே தடிமன் ஸ்டீலைவிட வலிமை அதிகம், எடை மிகக் குறைவு.

வடமும் வளையமும்:

வலிமை உண்மைதான். ஆனால் டைனீமா தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நீளும், உராய்வில் தேயும். ஸ்டீலுக்காகச் செய்த கூர் விளிம்புள்ள காதில் (மாட்டுவதற்கான துளையுள்ள உலோகத் தகட்டில்) அதை மாட்டினால் விளிம்பே அறுத்துவிடும். முனைப் பாகங்களையும் மாற்றிப் பின்னத் தெரிந்தவருக்கு அது ஒரு வழி. முதன்முறை மாற்றுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. கம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பி அறுவதற்கு முன் குத்திக் காட்டும். கம்பிகளை மாட்டும் U வடிவ உலோக வளையமான ஷேக்கிளும், அதன் வாயைப் பூட்டும் ஆணியான பின்னும் காட்டுவதில்லை. ஹோபி 16-இல் இரண்டு பக்கக் கம்பிகள், முன்கம்பி, ஓட்டுபவர் படகுக்கு வெளியே சாய்ந்து தொங்க உதவும் ட்ரப்பீஸ் கம்பிகள் எல்லாமே பாய்மரத்தின் மேலே ஒரே ஒரு ஷேக்கிளில் தொங்குகின்றன. அது எட்டு மீட்டர் நீளப் பாய்மரத்தின் மேற்பகுதியில் இருக்கிறது, கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாய்மரத்தை இறக்கி அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பார்க்காமல் புதுக் கம்பிகளைப் போட்டு என்ன பயன்?

அமரத்தார்:

தம்பி, நான் மீனவக் குடும்பம். கட்டுமரம் கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவோம். மறுநாள் விடியுமுன் புதிதாகக் கட்டுவோம். எந்தக் கயிறு நைந்திருக்கிறது என்று தினமும் கைக்குத் தெரிந்துவிடும். உங்கள் படகில் கட்டு எல்லாம் இரும்புக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுக்க அவிழ்க்க வேண்டும்.

இறக்கும்போது நான் பார்ப்பவை இவை. முதலில் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு அமெரிக்காவில் உயிர்கள் போன பிறகுதான் 1980களில் பாய்மரத்தின் உச்சிக்கு ஃபைபர் முனை வைத்தார்கள். அந்த முனை இருந்தாலும் மீதிப் பாய்மரம் அலுமினியம்தான். பிறகு, கடற்காற்று எழும்பும் முன், காலையிலேயே செய்யுங்கள். படகு மட்டமான மணலில் நிற்க வேண்டும். பாய்மரம் சாயும்போது அடி நழுவாமல் கதவுக் கீல் போலப் பிடிக்கும் கீல் பின்னை அடிப்பாகத்தில் செருகுங்கள். முன்கம்பியைக் கழற்றியதும் பாய்மரம் பின்பக்கம் சாயும், சாயச் சாயப் பக்கக் கம்பிகள் தொய்ந்துவிடும், அப்போது பக்கவாட்டில் தாங்குவது உங்கள் தோள்தான். குறைந்தது இருவர், மூவர் இருந்தால் நிம்மதி. பழுதான பக்கத்தில் ட்ரப்பீஸ் கம்பியை நம்பிக் கட்டாதீர்கள், அதுவும் அதே ஷேக்கிளில்தான் தொங்குகிறது. பெரிய பாயை ஏற்றும் கயிறு உச்சிக் கப்பி வழியாக வருகிறது, துணைக்கு அதைக் கட்டுங்கள்.

கழற்றும் முன் மேல் ஷேக்கிளில் எந்தக் கம்பி எந்த வரிசையில் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுவைக் கரை:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேர் சேர்ந்து பாய்மரத்தை இறக்கினோம். மகளும் வந்திருந்தாள். படகு ஓட்டவில்லை என்று கோபித்துக்கொண்டவள், பாகங்களைப் பழைய துண்டில் வரிசையாக அடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

மேல் ஷேக்கிளின் பின்னைத் திருகிக் கழற்றினேன். துடைத்தபின் பார்த்தால் புதிது மாதிரிதான் இருந்தது. விரல் நகத்தை அதன் மேல் ஓட்டினேன். நடுவில் நகம் ஒரு படியில் இடறி நின்றது. சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. வெர்னியர் வைத்தேன், பின்னின் கனத்தில் கால் பங்கு அந்த இடத்தில் இல்லை. பின் திருகி உட்காரும் மரையும் பாதி மழுங்கிவிட்டது. இந்த ஒரு பின்னில்தான் என் மகளை இரண்டு ஆண்டுகளாக ட்ரப்பீஸில் தொங்கவிட்டேன் என்பதை நினைக்க நினைக்க உடம்பு நடுங்குகிறது. கம்பியில் அந்த இழை குத்தாமல் இருந்திருந்தால் நான் பாய்மரத்தை இறக்கியே இருக்க மாட்டேன்.

மற்றவை: இடப்பக்கத் துளைப் பட்டையில் (பக்கக் கம்பியின் கீழ் முனையை மாட்டும், வரிசையாகத் துளைகள் உள்ள தகட்டில்) நாங்கள் எப்போதும் மாட்டும் துளை முட்டை வடிவமாக நீண்டிருக்கிறது. அந்தத் துளைகளில் செருகும் கிளெவிஸ் பின்கள் இரண்டு இலேசாக வளைந்திருக்கின்றன. பின்னைப் பூட்டும் வளையங்கள் நான்கில் ஒன்று பாதி விரிந்திருந்தது. மேல் ஷேக்கிள் மாட்டும் பாய்மரத்தின் காது மட்டும் நன்றாகத் தெரிகிறது. அதை எப்படி உறுதி செய்வது? ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது.

பருமல்:

வெள்ளைப் பொடி அலுமினியம் அரிப்பது. ஸ்டீல் ரிவெட்டும் அலுமினியப் பாய்மரமும் உப்புநீரில் மின்கலம் மாதிரி வேலை செய்கின்றன, தோற்பது அலுமினியம். காதைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். சற்றே ஆடினாலும் ரிவெட்டைத் துளைத்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். போடும்போது இரண்டு உலோகங்களுக்கும் நடுவே டெஃப்ஜெல் போன்ற தடுப்புப் பசை தடவுங்கள்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, வெல்டிங் பொருட்கள் விற்கும் கடைகளில் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் கொண்ட தொகுப்புக் கிடைக்கும். காதைச் சுத்தம் செய்து சாயத்தைத் தெளித்து, அதன் மேல் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து துடைத்துவிட்டு, வெள்ளையைத் தெளியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசிந்து வரும். முட்டைத் துளைப் பட்டை, வளைந்த பின், விரிந்த வளையம் எல்லாம் குப்பைக்கு. வளையங்களின் விலை சில ரூபாய்தான், அவற்றை ஒவ்வொரு முறை இறக்கும்போதும் புதிதாகவே போடுங்கள்.

புதுவைக் கரை:

சாயம் போட்டுப் பார்த்தேன், காதில் கோடு எதுவும் வரவில்லை, ஆட்டமும் இல்லை. ஆயத்தக் கம்பித் தொகுதி, மேல் ஷேக்கிள், துளைப் பட்டைகள், பின்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பழைய கம்பிகளையும் புதியவற்றையும் ஒரே ஆணியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். பழையதில் வலப்பக்கக் கம்பி இடப்பக்கக் கம்பியைவிட ஒரு விரற்கடை நீளம். புதியவை இரண்டும் இம்மி பிசகவில்லை.

நேற்று ஏற்றிவிட்டோம். இனி என்ன கவனிக்க வேண்டும்? பழைய கம்பிகளில் முன்கம்பி நன்றாகத்தான் தெரிகிறது, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

அமரத்தார்:

கீல் பின்னை எடுத்துவிட்டீர்களா? எடுக்காமல் ஓட்டினால் பாய்மரம் திரும்பும்போது அடிப்பாகம் உடையும்.

புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் சற்று உட்காரும். இலேசான காற்றில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு பின்னையும் கை வைத்துப் பாருங்கள். மேல் ஷேக்கிளின் பின்னை மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்டியிருக்க வேண்டும், கட்டாவிட்டால் மறுபடி இறக்குங்கள். வளையங்கள் மேல் ஒரு சுற்று டேப் போதும், குழலை மூடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கழுவி முடித்ததும் குழல் வாயில் பஞ்சை ஓட்டுங்கள், உங்கள் உள்ளங்கைக்குப் பதில் பஞ்சு சிக்கட்டும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் பாய்மரத்தை இறக்கிப் படுக்க வைத்துவிடுங்கள்.

கடலில் ஒருவேளை காற்றுப் பக்கக் கம்பி போனால், பாய்மரம் விழுவதற்குள் திசையைத் திருப்பி, போன பக்கத்தைக் காற்றுக்கு மறுபுறம் கொண்டுவர வேண்டும். இதை மகளுக்கும் கரையிலேயே சொல்லிக் கொடுங்கள்.

பழைய கம்பிகளை வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது கொட்டகையில் பார்த்து, பளபளக்கிறதே என்று எடுத்து மாட்டுவார்கள். நடுவில் வெட்டிப் போடுங்கள்.

புதுவைக் கரை:

கீல் பின் எடுத்தாயிற்று, ஷேக்கிளும் கட்டியாயிற்று. கம்பிகளை வெட்டிவிட்டேன். தேய்ந்த அந்தப் பின்னை மட்டும் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பள்ளியில் காட்டப் போகிறாளாம்.