அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் கிளார்க் டெரியைப் பற்றி உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நொடி எது?

பித்தளைப்பிரியன்:
டெரியைப் பற்றிய ‘கீப் ஆன் கீப்பின் ஆன்’ என்ற 2014 ஆவணப்படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. கண் பார்வை போய், கால்களையும் இழந்து கட்டிலில் கிடக்கிறார் டெரி. பக்கத்தில் பார்வையில்லாத இளம் பியானோ கலைஞர் ஜஸ்டின் காஃப்லின். ஊர் தூங்கும் நேரத்தில் டெரி ஒரு வரியை வாயாலேயே பாடிக்காட்டுகிறார், பையன் திருப்பிப் பாடுகிறான், மறுபடியும் முதலிலிருந்து. என் ட்ரம்பெட் வாத்தியார் படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும் நான் ஒருமுறைகூடப் போகவில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன். அவர் பாடத்துக்காகக் காத்திருந்தாரோ என்னவோ.

எடிசன்வாசி:
நான் டெரியை நேரிலேயே பார்த்தேன். தொண்ணூறுகள், நியூயார்க்கில் ஒரு கிளப், நண்பர் இழுத்துக்கொண்டு போனார். ஒரு கையில் ட்ரம்பெட், மறு கையில் ஃப்ளூகல்ஹார்ன், ட்ரம்பெட் மாதிரியே, ஒலி மட்டும் மென்மை. இதில் நாலு பார் (தாளச் சுற்று), அதில் நாலு பார், தனக்குத் தானே பதில் சொல்லி வாசித்தார். ட்ரம்பெட் வம்புக்கு இழுக்கும், ஃப்ளூகல்ஹார்ன் சமாதானம் பேசும். ஒரே உதடு, இரண்டு ஆட்கள்! ஆவணப்படத்தின் சோகத்தைவிட இந்தக் குதூகலம்தான் அவர். அர்த்தமில்லாமல் முணுமுணுத்தே அவர் பாடிய ‘மம்பிள்ஸ்’ பாட்டைக் கேளுங்கள், புரியும்.

மூன்றாம்வால்வு:
எடிசன்வாசி, குதூகலம் சரி, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 1948 முதல் 51 வரை கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழு, அங்கிருந்து 59 வரை டியூக் எலிங்டனின் குழு. 1960இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியின் இசைக்குழுவில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்த முதல் கறுப்பினக் கலைஞர். இதெல்லாம் வேடிக்கை காட்டிக் கிடைத்ததில்லை.

என் கதை சின்னது. டெரி தன் ஊரான செயின்ட் லூயிஸில் சிறுவனாக இருந்தபோது தோட்டக் குழாயைச் சுருட்டி, முனையில் புனல் வைத்து ஊதினார் அல்லவா, அதை என் மகளோடு செய்து பார்த்தேன். மாடு கத்துவது போல ஒரு சத்தம். அவள் முகத்தில் வந்த அந்தப் பூரிப்பு! டெரியின் அக்கம்பக்கத்தார் சத்தம் பொறுக்காமல் 12.50 டாலர் சேர்த்து அடகுக் கடையில் நிஜ ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

உதட்டுப்பயிற்சி:
ட்ரம்பெட் கற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெரியின் வேகத்துக்கு ‘டூடுல்’ நாக்குதான் காரணம். ‘டு-டு’ என்று ஒவ்வொரு சுரத்தையும் அடிக்காதீர்கள், ‘டூ-டுல்’ என்று நாக்கை உருட்டுங்கள். முதல் மாதம் கருவியைத் தொடவே வேண்டாம், நடக்கும்போது வாயாலேயே சொல்லுங்கள். அப்புறம் நடு ஸ்தாயியில் ஒரே சுரம், மெதுவாக, மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) அறுபதில், அதாவது நிமிடத்துக்கு அறுபது தட்டு. ‘டுல்’ அமுங்கிப் போகும், போகட்டும், மூச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். உதடு வலித்தால் அன்றைக்கு வைத்துவிடுங்கள். வலியோடு ஊதித்தான் நான் இரண்டு வருடத்தை வீணாக்கினேன்.

என் அனுபவமா? பின்னாளில் பெரிய இசைத் தயாரிப்பாளரான குவின்சி ஜோன்ஸ் பள்ளிப் பையனாக சியாட்டிலில் டெரியிடம் கற்றதைப் படித்தது. இரவெல்லாம் வாசித்துவிட்டு வந்தவர், பையன் பள்ளிக்குப் போகும் முன் எழுந்து பாடம் எடுத்திருக்கிறார். நான் களைப்பாக இருக்கிறது என்று ஒரு மாணவனைத் திருப்பி அனுப்பிய அதே வாரம் படித்தேன்.

பித்தளைப்பிரியன்:
உதட்டுப்பயிற்சி, அந்த மாணவனைக் கூப்பிட்டுப் பேசினீர்களா? என் வாத்தியாருக்கு இனி நான் போன் செய்ய முடியாது, உங்களால் முடியும்.

மூன்றாம்வால்வு, அந்தக் குழாய் எத்தனை அடி? என் அக்கா மகன் கேட்கிறான்.