சண்டை வந்தால் உங்கள் துணை என்ன செய்வார்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

தாம்வே அக்கா:
"அவர் நல்லவர்தான், சண்டை வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்" என்று மேலே ஒரு தங்கச்சி எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். யாங்கோனில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது, வந்த உடனே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பியாக வேண்டும். ஒரு ராத்திரி அவர் விழித்திருந்தும் போடவில்லை, காலையில் பிள்ளைகள் குளிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் சத்தம் போட்டேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனவர்தான், வந்த பிறகும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருப்பிக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாமனாரும் அப்படித்தானாம், அது மாறப்போவதில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்: "போங்க, ஆனா எப்ப வந்து பேசுவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க." இப்போது "அரை மணி நேரம் விடு, வர்றேன்" என்கிறார். வருகிறார், பேசுகிறார். தம்பதிகளின் சண்டைகளை வருடக்கணக்கில் ஆராய்ந்த ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் இதைத்தான் சொல்கிறார்: கோபத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது, 20 நிமிடமாவது விலகியிருந்துவிட்டுத் திரும்பி வந்து பேச வேண்டும். அந்தத் 'திரும்பி வந்து' என்பதை விட்டுவிட்டால் அது தண்டனைதான், தங்கச்சி.

மோல்மேன் அப்பா:
தாம்வே தங்கச்சி சொன்னது சத்தியம். நான் பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். வரன் பார்க்கும்போது ஜாதகம், சம்பளம், வீடு எல்லாம் விசாரிக்கிறோம், கோபம் வந்தால் பையன் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளையை முதலில் பார்த்தது டீக்கடையில். பரிமாறுகிற சின்னப் பையன் கை தவறி அவர் லுங்கியில் சுடச்சுட டீயைக் கொட்டிவிட்டான், முதலாளி அடிக்க ஓடி வருகிறார், இவர் எழுந்து குறுக்கே நின்று அந்தப் பையனிடம் "கை சுட்டுச்சா?" என்று பர்மியத்தில் கேட்டார். ஜாதகத்தில் ஆறு பொருத்தம்தான், சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

மேலஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2010ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், எளிதில் மனம் கலங்காத, இணங்கிப் போகிற, பொறுப்பான, கலகலப்பான ஆளின் துணைக்கு உறவில் திருப்தி கூடுதலாக இருந்தது தெரிந்தது. 2014ல் உணர்வு நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் புரிந்து நடந்துகொள்ளும் திறனை, வைத்துப் பார்த்தும் அதே பக்கம்தான் முடிவு. என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வராமல் இல்லை, மகள் போனில் ஒரு பாட்டம் அழுவாள். மறுநாள் நான் கூப்பிட்டால், "அதெல்லாம் நேத்தே பேசி முடிச்சாச்சுப்பா" என்பாள்.