மேடையில் கெத்து யாரு, ஓரத்து ஆள் யாரு? உங்கள் அனுபவம்

பழைய கேசட்:

மேடையில் பத்துப் பேர் நின்றாலும் கச்சேரி முடிந்து ஊர் பேசுவது இரண்டு பேரைப் பற்றித்தான். மீதி எட்டுப் பேரில் யாரையாவது பக்கத்தில் பார்த்த, பேசிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் மாரியம்மன் திருவிழா என்றால் கடைசி நாள் மெல்லிசைக் கச்சேரி கட்டாயம். ட்ரம்ஸ்காரர் ராத்திரி பதினொரு மணிக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார், பிடித்தால் ஒரு விசில், தவறவிட்டால் இரண்டு விசில். லீட் கிட்டார் அண்ணனுக்குத் தோள் வரை முடி. இவர்களுக்கு நடுவில், ட்ரம்ஸுக்கும் காங்கோவுக்கும் இடுக்கில், சஃபாரி சட்டை போட்ட வயசாளி ஒருத்தர் கச்சேரி முழுக்க நின்றுகொண்டே இருப்பார். சைடு ரிதம். ஒரு பாட்டுக்கு மராக்காஸ், அடுத்ததுக்கு டாம்பரின், சில பாட்டில் சரணம் முடியும் இடத்தில் ட்ரையாங்கிளில் ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்த ஒரு தட்டுக்காகப் பல்லவியிலிருந்தே கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பேர் கிலுகிலுப்பை.

ஒரு வருஷம் இடைவேளையில் மேடைக்குப் பின்னால் டீ கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. ட்ரம்ஸ்காரரைச் சுற்றி ஒரே கூட்டம், கை குலுக்கவே வரிசை. இவர் தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சூட்கேஸைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, சுற்றி. அதில் ஒரு ஜோடி கொட்டாங்குச்சி. நார் எல்லாம் எடுத்து, விளிம்பை இழைத்து, கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. இது எதுக்கு அய்யா என்றேன். மடியில் ஒரு பலகையை வைத்து இரண்டு கையாலும் தட்டிக் காட்டினார், குதிரை ஓடி வந்தது. அன்பே வா படத்தில் குதிரை வண்டியில் போகிற பாட்டு இருக்கிறதே, 'ராஜாவின் பார்வை', அதுக்காம். "தேங்காய் எல்லா ஊர்லயும் கெடைக்கும் தம்பி, இந்தச் சத்தம் கெடைக்காது. எத்தனையோ கொட்டாங்குச்சிய அடிச்சுப் பாத்துத் தூக்கிப் போட்டிருக்கேன்" என்றார்.

இடைவேளை முடிந்ததும் அந்தப் பாட்டுதான். குளம்படி கேட்டதும் பந்தலே அதிர விசில். ஆனால் அத்தனை பேரும் பார்த்தது ட்ரம்ஸ்காரரை! அவரும் கூச்சமே இல்லாமல் எழுந்து ஒரு கும்பிடு போட்டார். இவர் குனிந்தபடியே பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்.

மேளக்காரர் வீட்டுப் பையன்:

உங்கள் சைடு ரிதம்காரருக்கு ஒரு தட்டாவது இருந்தது. எங்கள் செட்டில் ஒத்து ஊதுகிறவருக்கு அதுவும் கிடையாது. ஒத்து என்பது பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது, ஒரே சுருதிதான். மூச்சு எடுப்பது வெளியே தெரியக் கூடாது, கன்னத்தில் காற்றை அடக்கி வைத்து, மூக்கால் இழுத்து, விடாமல் ஊத வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்னால் தொடங்கினால் எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது.

எங்கள் தாத்தா செட்டில் ஊதியவர் ஒல்லியான மனுஷன், கன்னம் மட்டும் தொளதொளவென்று இருக்கும். கல்யாண வீட்டில் நாதஸ்வர வித்துவானுக்குப் பொன்னாடை, தவில் வித்துவானுக்கு மோதிரம் கூட விழும். தவில்காரர்கள் கெத்தே தனி, சங்கிலியும் வைரக் கடுக்கனுமாக ஒரு ஜமீன்தார் களை. அந்தக் காலத்தில் குடுமியை எடுத்துவிட்டு கிராப்பு வைத்து ஷெர்வானி போட்டு உட்கார்ந்த நாதஸ்வர வித்துவான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையைப் பார்த்துத்தான் மேளக்காரர்களுக்கே அந்த மிடுக்கு வந்தது என்று தாத்தா சொல்வார். ஒத்துக்காரருக்கும் தாளம் போடுகிற பையனுக்கும் பந்தியில் இலை கடைசியில். நான் பார்க்கவே ஒரு வீட்டில் சாம்பார் தீர்ந்துவிட்டது, ரசத்தோடு எழுந்தார்.

அப்புறம் சுருதிப் பெட்டி வந்தது. ப்ளக்கைச் சொருகினால் போதும், சாப்பாடு கேட்காது. முதலில் வேலை போனது அவருக்குத்தான். இப்போது மேளம் போகிற கல்யாணத்தில் ஒத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

கேன்டீன் வாசி:

மார்கழிக் கச்சேரிக்கு வருகிறேன். பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், கடமோ கஞ்சிராவோ கொஞ்சம் பின்தள்ளி, தம்புரா போடுகிற சிஷ்யப் பெண் அதற்கும் பின்னால். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக மூன்று மணி நேரம் முகம் சுளிக்காமல் மீட்டுவாள், அவள் பேர் அழைப்பிதழில் கூட இருக்காது. மிருதங்கத்துக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் மரியாதை வந்தது. அந்த வாத்தியத்துக்கு முதன்முதலாக மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்ததே 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. கடத்தை யார் கண்டுகொள்வார்கள்?

ஆனால் இதே கடம் ஊர் மாறினால் கதை மாறுகிறது. 1970-களில் ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா என்று 'சக்தி' குழு அமைந்தபோது முதல் ஆல்பத்தில் மிருதங்கம், கடம் இரண்டுமே உண்டு. அடுத்ததில் மிருதங்கம் இல்லை, விக்கு விநாயக்ராமின் கடம் இருந்தது. இங்கே பின்வரிசை, அங்கே பானையை வயிற்றோடு அணைத்து வாசிக்கிற மனிதரைத்தான் வெள்ளைக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அதே குழுவில் வாசித்தார், 2024-ல் அவர்களுக்கு கிராமி விருதும் வந்தது. கஞ்சிரா, கடம் இரண்டும் நம் சபாவில் உபபக்கவாத்தியம், அதாவது மிருதங்கத்துக்கும் அடுத்த இடம். கெத்து வாத்தியத்தில் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணில் இருக்கிறது என்பது என் கட்சி.

அனுபவம் கேட்டீர்களே. மயிலாப்பூரில் ஒரு கச்சேரி. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போல் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்தது. நான் அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன் (பக்கத்தில் பெரிய மாமா ஒருவர், தாண்டிப் போக வழியில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்). முடிந்ததும் பாடகரைச் சுற்றிக் கும்பல். கடம் வித்துவான் தனியாக, பானையைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தார். தனி பிரமாதம் சார் என்றேன். நிமிர்ந்து பார்த்து, "கடைசி வரைக்கும் இருந்தேளா? அடடா, அடை தீர்ந்துபோயிருக்குமே" என்றார்.

கோரஸ் அக்கா:

நான் மெல்லிசைக் குழுவில் பாடியவள், அதனால் மேடைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கெத்து நிலையாக யாரிடமும் இருக்கவில்லை. நான் சேர்ந்தபோது ட்ரம்ஸ், கிட்டார். கீபோர்டு வந்ததும் அந்தத் தம்பிதான் ராஜா. வயலின், புல்லாங்குழல், உங்கள் குதிரைக் குளம்பு வரைக்கும் எல்லாம் ஒரு பட்டனில். வயலின்காரர்கள் இரண்டு பேரை அடுத்த சீசனுக்குக் கூப்பிடவே இல்லை, காரணமும் சொல்லவில்லை. தட்டினால் எல்லாத் தாளச் சத்தமும் தருகிற எலக்ட்ரானிக் ரிதம் பேட் வந்து தபேலாவை ஓரம் கட்டியது. அப்புறம் மைனஸ் ட்ராக் வந்தது, பாடகர் குரல் மட்டும் இல்லாமல் பதிவு செய்த இசை, கீபோர்டு தம்பியும் வீட்டுக்குப் போனார். இப்போது வரவேற்புக் கச்சேரிகளில் பாடகர் ஒருவர், ஒரு லேப்டாப், தீர்ந்தது.

கோரஸ் எப்போதுமே ஓரம்தான். ஒரு மைக்குக்கு மூன்று பேர், அதுவும் பழைய மைக். ஆனால் ஹம்மிங் ஒரு இடத்தில் விட்டுப்போனால் மெயின் பாடகி திரும்பி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அந்த நேரத்தில் மட்டும் நாங்களும் முக்கியஸ்தர்கள்! சம்பளத்தில் அந்த முக்கியம் தெரியாது. பாடகருக்குக் கவர், எங்களுக்கு எண்ணிக் கையில் கொடுப்பார்கள், பஸ் காசு சேர்த்து.

பேஸ்காரர் அண்ணன் மகன்:

இவ்வளவு பேர் எழுதியும் பேஸ் கிட்டாரை ஒருத்தர் கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? என் சித்தப்பா அதுதான். இளையராஜா பாட்டைப் பேஸ் இல்லாமல் வாசித்துப் பாருங்கள், பாட்டு இடுப்பு ஒடிந்து கிடக்கும். ஆனாலும் அவர் வாசிக்கிறாரா சும்மா நிற்கிறாரா என்று முன்வரிசையில் யாருக்கும் தெரியாது, ஆடவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார்.

ஒருமுறை கல்லூரி விழா முடிந்து பசங்கள் மேடை ஏறி வந்தார்கள், கையில் கேமரா. சித்தப்பா கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார். கேமராவை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, லீட் கிட்டார் அண்ணனோட எங்களை ஒரு போட்டோ" என்றார்கள். எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் நெருங்கி நில்லுங்கப்பா, கடைசிப் பையன் வரலை என்று சொல்லி இன்னொன்றும் எடுத்தார்.